மின்னலின் நோயாளி

பீ...ப்! பீ...ப்! பீ...ப்!

காலை ஆறு மணிக்கு ஒரே கைபேசிக்குள்ளிருந்து பன்னிரண்டு விசில்கள் கத்தினால் என்ன ஆகும்? சமையலறையில் கேப்டனின் அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். மேல்வீட்டுக்காரர் தரையை இரண்டு முறை ஓங்கி உதைத்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, "ஆம்புலன்ஸா?" என்று பதறியது. இல்லை என்று தெரிந்ததும் படாரென்று சாத்திக்கொண்டது. அந்த மாதங்களில் சத்தம் என்றாலே ஜனங்கள் ஆம்புலன்ஸைத்தான் நினைத்தார்கள்.

"ஊரு முழுக்க வியாதி. இதுல வீட்டுக்குள்ள விசில் வேறயா?" என்றாள் அண்ணி.

"முகாம் அண்ணி. மூணே நாள்தான்."

"மூணு நாளா? முடியறதுக்குள்ள மேல்வீட்டுக்காரர் கூரையை உடைச்சுக்கிட்டு நேரா நம்ம தோசைக்கல் மேலேயே வந்து விழுவார், பாரு."

கேப்டன் சிரித்தாள். கேப்டன் என்றால் ராணுவமும் இல்லை, கப்பலும் இல்லை. சாரணர் குழுவின் தலைவி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் பிழைப்பு. கடையைப் பூட்டி நாலு மாதமாகிறது. குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் மைதானத்துக்கும் பூட்டு. பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று பெற்றோர்கள் புலம்பவே, 'காட்டுக்குப் போக முடியாவிட்டால் என்ன, அவரவர் வீட்டிலேயே கூடாரம் அடிக்கலாம்' என்று கிளம்பிவிட்டாள். அண்ணனின் பழைய சட்டைப் பெட்டியில் கைபேசியைச் சாய்த்து வைத்து, சீருடை போட்டு, கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி நின்றாள். கீழே மட்டும் வீட்டுச் செருப்பு.

"அவரவர் கூடாரத்தைக் காட்டுங்க!"

சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் பன்னிரண்டு வீடுகள் ஆடி அசைந்தன. ரேடியோ என்ற பையன் சாப்பாட்டு மேஜைக்கடியில் போர்வையைத் தொங்கவிட்டிருந்தான். அவனுக்கு வாய் மூடாது, அதனால் அந்தப் பெயர். வக்கீல் என்ற பெண் பால்கனியில் குடையை விரித்து, "கேப்டன், கூடாரம்னா துணியிலதான் இருக்கணும்னு எந்த விதியில எழுதியிருக்கு?" என்று ஆரம்பித்தாள்.

கடைசிக் கட்டத்தில் மட்டும் இன்னும் சுவர்தான் தெரிந்தது.

"மின்னல், எங்கே உன் கூடாரம்?"

"இதோ கேப்டன்... ஒரே ஒரு முடிச்சு பாக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வயதான அந்தப் பெண்ணுக்கு மின்னல் என்று பெயர் வைத்ததே கிண்டலுக்குத்தான். மற்றவர்கள் நாலு முடிச்சு போடுகிற நேரத்தில் அவள் ஒன்று போடுவாள். ஆனால் அவள் போட்டதை யானை கட்டி இழுத்தாலும் அவிழாது. தாமதமாகச் செய்வாள், தப்பாகச் செய்ய மாட்டாள் என்பது கேப்டனின் தீர்மானமான கருத்து.

ஒருவழியாகக் கூடாரம் தெரிந்தது. அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில், துணி காயப்போடும் இரண்டு கம்புகளில் ஒரு பழைய படுக்கை விரிப்பு.

"சமையலறையிலயா முகாம்? உள்ளே ரூம் என்ன ஆச்சு?"

"ரூம்ல நோயாளி இருக்காங்க கேப்டன்."

மறுபடியும் சிரிப்பு. கேப்டனும் சிரித்துவிட்டாள். ஏனென்றால் அந்த முகாமில் எல்லோருடைய வீட்டிலும் ஒரு நோயாளி உண்டு.

முகாமின் முக்கியமான பாடமே அதுதான். நோயாளி பராமரிப்பு பேட்ஜ். ஆளுக்கொரு பாவனை நோயாளியை வைத்துக்கொண்டு மூன்று நாள் கவனிக்க வேண்டும். சூடு, மூச்சு, குடித்த தண்ணீர், தூக்கம், குறிப்பு என்று ஐந்து கட்டம் போட்ட தாளை இரண்டு மணிக்கொரு முறை நிரப்பிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ரேடியோவின் நோயாளி அவன் தம்பி. மணிக்கு ஒரு பிஸ்கெட் கொடுத்தால்தான் படுப்பேன் என்று அவன் கறார் செய்துகொண்டிருந்தான். வக்கீலின் நோயாளி ஒரு கரடி பொம்மை. தூங்கும் தாத்தா ஒருவர், தலையணை மூன்று, நாய்க்குட்டி ஒன்று.

முதல் நாள் மதியம் முழுக்க, தாளை எப்படி நிரப்புவது என்று பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பேசி விளக்கினாள் கேப்டன். "பென்சிலா பேனாவா?" என்றது ஒன்று. "பொம்மைக்கு மூச்சு எப்படி வரும்?" என்றது இன்னொன்று. "தாத்தா குறட்டை விட்டா அது ஒண்ணா ரெண்டா?" என்றது மூன்றாவது. நடுவில் இணைப்பு அறுந்து, மறுபடி வந்து, சாயங்காலத்துக்குள் அவள் தொண்டை கட்டிவிட்டது. யாருக்கு என்ன பதில் சொன்னோம் என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.

மாலையில் தாள்கள் வந்து குவிந்தன. மின்னலின் தாள் மணி மணியான எழுத்தில் இருந்தது. நோயாளி: அம்மா. சூடு: நூற்றிரண்டு. மூச்சு: பதின்மூன்று, பதின்மூன்று, பதினான்கு.

'அருமை. நல்ல நடிப்பு. அம்மாவுக்கும் ஒரு பேட்ஜ் கொடுத்துவிடலாம்' என்று எழுதி, ஒரு நட்சத்திரமும் போட்டு அனுப்பினாள் கேப்டன்.

பதிலுக்கு ஒரு சல்யூட் படம் வந்தது.

இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணி காய் நறுக்க, கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

"இதைக் கேளுங்க அண்ணி. வக்கீல் எழுதியிருக்கா. 'நோயாளி மருந்து குடிக்க மறுத்துவிட்டது. காரணம், அதற்கு வாய் தைக்கப்பட்டிருக்கிறது.'"

அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அடுத்தது?"

"மின்னலோடது. 'நோயாளி கழிவறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடம் நின்றார். நான் தோளைக் கொடுத்தேன். சோப்பு வாசனை தெரியவில்லை என்றார். உதடு...'"

கேப்டன் நிறுத்திவிட்டாள்.

"உதடு?" என்றாள் அண்ணி, கத்தி பாதியில் நிற்க.

"'உதடு ஓரம் வேறு நிறமாக இருக்கிறது. லைட் வெளிச்சமா என்று தெரியவில்லை.'"

"இதை ஒரு குழந்தை சும்மா உட்கார்ந்து யோசிச்சு எழுதாது" என்றாள் அண்ணி.

நேற்று 'நல்ல நடிப்பு' என்று நட்சத்திரம் போட்ட அதே விரலால் கேப்டன் மின்னலின் எண்ணை அழுத்தினாள்.

"மின்னல், உண்மையைச் சொல்லணும். அம்மாவுக்கு நிஜமாவே உடம்பு சரியில்லையா?"

"ஆமா கேப்டன்." குரலில் ஒளிவுமறைவே இல்லை. "அதான் தாள்ல எழுதியிருக்கேனே."

"எத்தனை நாளா?"

"இன்னியோட ஆறு நாள்."

"ஏண்டி யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. ஆனா முகாம்ல பொய் எழுதக் கூடாதே. அதான் எழுதிட்டேன்."

மின்னலின் அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடாமல் அவருடைய கப்பல் மூன்று மாதமாக நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. மூன்றாவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை, இரண்டு பேர். அவ்வளவுதான் குடும்பம்.

"அம்மாகிட்ட போனைக் கொடு."

கொஞ்ச நேரம் ஏதோ உரசுகிற சத்தம். பிறகு இணைப்பு அறுந்தது. ஒரு நிமிடம் கழித்து எழுத்தாக ஒரு செய்தி வந்தது.

'சளிதான் கேப்டனம்மா. பேசினா இருமல் வருது, அதான் எழுதறேன். கை எடுத்துக் கும்பிடறேன், யாருக்கும் சொல்லிடாதீங்க. என்னைத் தூக்கிட்டுப் போயிட்டா இவ ஒத்தையா நிப்பா. பக்கத்து ரோட்டுல அப்படித்தான் ரெண்டு பிள்ளைங்களைத் தனியா எங்கேயோ கொண்டு போனாங்க. நாலு நாள்ல சரியாயிடும்.'

கேப்டன் அதை மூன்று முறை படித்தாள். பிறகு அண்ணியிடம் நீட்டினாள்.

"என்ன பண்றது அண்ணி? சொன்னா, அந்தம்மா பயப்படறதுதான் நடக்கும். சொல்லலைன்னா..."

"பேர் சொல்லாம உதவி எண்ணுக்குக் கேளு. சும்மா விவரம் கேக்கற மாதிரி."

உதவி எண் நாற்பது நிமிடம் பாட்டுப் பாடியது. பிறகு களைத்துப்போன ஒரு பெண் குரல் வந்தது. வயது என்ன, காய்ச்சல் எவ்வளவு, விரலில் மாட்டுகிற கருவி இருக்கிறதா?

"கருவி இல்ல மேடம். எந்தக் கடையிலயும் கிடைக்கலை."

"அப்ப மூச்சை எண்ணினீங்களா? நிமிஷத்துக்கு எத்தனை?"

கேப்டன் தாளைப் பார்த்தாள். இந்த ஒரு கேள்விக்காவது அவள் கையில் பதில் இருந்தது. "பதினேழு."

"பதினேழா?" மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "காலையில இருந்து பேசிப் பேசி, என் மூச்சே அதைவிட வேகமாப் போகுது மேடம். சரியா எண்ணினாங்களா?"

"எண்ணினது என் சாரணப் பொண்ணு. தப்பா எண்ண மாட்டா."

"அப்ப வீட்டுலயே இருக்கட்டும். நிறைய தண்ணி, ஓய்வு. இங்கே முப்பது, நாப்பதுன்னு இழுத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கே படுக்கை இல்ல. இருபத்து நாலைத் தாண்டினா கூப்பிடுங்க. முப்பதைத் தாண்டினா யாரையும் கேக்காதீங்க, நேரா தூக்கிட்டு வந்துடுங்க."

கேப்டன் கைபேசியைக் கீழே வைத்தபோது அவள் முதுகில் வியர்வை காய்ந்து போயிருந்தது. பதினேழு. ஆரோக்கியமாக இருக்கிறவனுடைய கணக்கு. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியில் மின்னலைக் கூப்பிட்டு உத்தரவு போட்டாள்.

"இனிமே உன் நோயாளிதான் இந்த முகாமிலேயே பெரிய நோயாளி. ரெண்டு மணிக்கு ஒரு தடவை இல்ல, ஒரு மணிக்கு ஒரு தடவை எண்ணணும். இருபத்து நாலு தாண்டினா அந்த நிமிஷமே எனக்கு போன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது கேப்டன். இருபத்து நாலு."

"பயமா இருக்கா?"

"எண்ணும்போது பயமா இல்ல. எண்ணி முடிச்சப்புறம்தான்."

"அப்ப எண்ணிக்கிட்டே இரு" என்றாள் கேப்டன்.

சாயங்காலம் டார்ச் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பன்னிரண்டு சுருதியில் பாடினார்கள். மின்னலும் பாடினாள். நடுவில் மூன்று முறை எழுந்து போய்விட்டு வந்தாள். பதினெட்டு என்று செய்தி வந்தது. பிறகு மறுபடி பதினெட்டு. பத்தொன்பது. ஒவ்வொன்றும் இருபத்து நாலுக்கு இந்தப் பக்கமே நின்றது. கேப்டன் அவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை இருபது. ஏழு மணிக்கு இருபத்து ஒன்று. எட்டுக்கு இருபத்து இரண்டு.

"ஏறிக்கிட்டே போகுது அண்ணி. நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"ரோட்டுல போலீஸ் நிக்குது. நீ என்ன டாக்டரா, நர்ஸா? என்னன்னு சொல்லிப் போவே?"

"சீருடையோட போறேன்."

அண்ணி இரண்டு முகக்கவசத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டு, பையில் வெந்நீர் பாட்டிலும் ரொட்டியும் வைத்தாள். "அந்தக் குழந்தை சாப்பிட்டிருக்காது" என்றாள்.

தெருவில் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிக்கொண்டு கண்மூடிக் கிடந்தன. முதல் சந்திப்பில் தடுப்புக் கட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கேம்மா? பாஸ் இருக்கா?"

"சாரணர் குழு சார். ஒரு நோயாளியைப் பார்க்கப் போறேன்."

"கழுத்துல இந்தத் துணியைக் கட்டிக்கிட்டா கிருமி சல்யூட் அடிச்சு வழி விடுமா?"

"கிருமி விடாது சார். நீங்க விடணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். காக்கிச் சட்டை, பேட்ஜ், கால் பக்கம் வீட்டுச் செருப்பு. அவசரத்தில் அதை அவள் மாற்றியிருக்கவில்லை. என்ன தோன்றியதோ, கட்டையைத் தூக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினாள். மின்னல் முழுச் சீருடையில் கதவைத் திறந்தாள். ஸ்கார்ஃப் மடிப்புக் கலையாமல் இருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்துக் கிடந்தது. கேப்டனைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தாள்.

சமையலறைக் கூடாரத்தைத் தாண்டி அறைக்குள் போன கேப்டன், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கட்டிலில் அந்த அம்மா படுத்திருக்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து எலும்புக்கு மேலே இருந்த குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. ஓடி வந்த நாய்க்கு இரைக்குமே, அப்படி இரைத்தது. கேப்டனைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தாள். சொல் வரவில்லை. வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள்.

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒரு முழு நிமிடம். முப்பதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே போனாள். நாற்பத்து ஆறு.

"எட்டு மணிக்கு இருபத்து ரெண்டுதானேடி இருந்துச்சு! ஒரு மணி நேரத்துல எப்படி இப்படி?"

"இப்பவும் நான் எண்ணினேன் கேப்டன். இருபத்து..."

"பேச நேரம் இல்ல. ஆம்புலன்ஸுக்குப் போடு."

ஆம்புலன்ஸ் மூன்று மணி நேரம் ஆகும் என்றது. கேப்டன் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தாள். கீழே ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் தன் கடை வாசலில், மூடிய ஷட்டருக்கு முன்னால், சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சின்னச் சரக்கு வண்டி.

"அண்ணே! வண்டி ஓடுமா?"

"ஓடும். ஓட்டத்தான் விட மாட்டேங்கறாங்க. என்ன சரக்கு?"

"சரக்கு இல்லண்ணே. ஒரு உசிரு."

அவர் மேலே பார்த்தார். அந்த ஜன்னலில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இருமல் சத்தம் ஒரு வாரமாகக் கேட்டிருக்கும். எழுந்து உள்ளே போய்விடுவார் என்றுதான் கேப்டன் நினைத்தாள். அவர் வண்டியின் பின்கதவைத் திறந்தார்.

"படுக்கப் போடாதீங்க!" என்று கீழேயிருந்து கத்தினார். "ஃபிரிட்ஜா இருந்தாலும் மனுஷனா இருந்தாலும் நிமிர்த்தித்தான் கொண்டு போகணும்!"

சமையலறை நாற்காலியில் அந்த அம்மாவை உட்கார வைத்தார்கள். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மகளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். "நான் கூடவே வருவேம்மா. தனியா இருக்க மாட்டேன்" என்று சொல்லி, மின்னல்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். பிறகு தன் ஸ்கார்ஃபைக் கழற்றி, அம்மாவின் இடுப்பையும் நாற்காலி முதுகையும் சேர்த்துக் கட்டினாள். கேப்டன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முடிச்சு விழுந்துவிட்டது. மின்னலுக்கு அந்தப் பெயர் அன்றைக்குத்தான் பொருந்தியது. அதைப் பார்த்துச் சிரிக்க அங்கே யாரும் இல்லை.

நாற்காலித் தூக்கு. முன்னங்காலை மின்னல், முதுகைக் கேப்டன். மைதானத்தில் இதைப் பயிற்சி செய்யும்போது நாற்காலியில் ரேடியோவை உட்கார வைத்து வேண்டுமென்றே குலுக்குவார்கள். இப்போது மூன்று மாடி, ஐம்பத்து நாலு படி. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் லேசாகத் திறந்து, பார்த்துவிட்டு, உள்ளே தாழ் போட்டுக்கொண்டன. இரண்டாம் மாடியில் மட்டும் ஒரு குரல் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது: "படியைக் கழுவி விட்டுட்டுப் போங்க!"

"வந்து கழுவறேன் மாமா" என்றாள் மின்னல், மூச்சிரைக்க.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே வண்டிகள் தெரு முனைவரை நின்றன. மெக்கானிக் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. காவலாளி ஓடி வந்து, "படுக்கை இல்லய்யா, ஸ்ட்ரெச்சரும் இல்ல, திருப்பு" என்றான்.

"நாற்காலி நாங்களே கொண்டு வந்திருக்கோம்" என்றாள் கேப்டன்.

முற்றத்தில் தார்ப்பாய் கட்டிய நிழலில் அந்தச் சமையலறை நாற்காலியை இறக்கினார்கள். சுற்றிலும் அதுபோல நாற்காலிகள், பெட்டிகள், வெறும் தரை. எங்கும் அதே இரைப்பு. பிளாஸ்டிக் உடைக்குள் ஒரு டாக்டர் வந்தார். முதுகில் பேனாவால் 'டாக்டர்' என்று எழுதியிருந்தது. எழுதாவிட்டால் யார் என்று தெரியாது. அந்த அம்மாவின் விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டினார். எண்ணைப் பார்த்தார். கழற்றி, துடைத்து, இன்னொரு விரலில் மாட்டினார். மறுபடி பார்த்தார்.

"உள்ளே கொண்டு போங்க" என்று இரண்டு ஆட்களிடம் சொன்னார். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மின்னல் கூட ஓடினாள். கதவருகில் நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் கை பின்னால் நீண்டு ஒரு முறை காற்றைத் துழாவியது. கதவு சாத்திக்கொண்டது.

டாக்டர் கேப்டனைத் தூணோரமாகக் கூப்பிட்டார்.

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"பொண்ணோட சாரணர் கேப்டன்."

"வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

"வீட்டுக்காரர் கப்பல்ல. வேற யாரும் இல்ல. டாக்டர், பிழைச்சுடுவாங்கதானே?"

டாக்டர் பதிலுக்குக் கேட்டார்: "எத்தனை நாளா இப்படி மூச்சு வாங்குது?"

"நாளெல்லாம் இல்ல டாக்டர். ஒரு மணி நேரமாத்தான். காலையில எட்டு மணிக்குக்கூட இருபத்து ரெண்டு. எழுதி வெச்சிருக்கோம்." கேப்டன் அவசரமாகத் துண்டுக் காகிதத்தை நீட்டினாள். பதின்மூன்று, பதினான்கு, பதினேழு, பத்தொன்பது, இருபத்து இரண்டு. அத்தனை எண்களும் இருபத்து நாலுக்குக் கீழே வரிசையாக நின்றன.

அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முகக்கவசத்துக்கும் கண்ணாடித் தடுப்புக்கும் பின்னால் இருந்து மெதுவாகப் பேச முடியாது. அவர் பேசியது முற்றத்துக்கே கேட்டது.

"இருபத்து ரெண்டுல இருக்கறவங்க ஒரு மணி நேரத்துல இந்த நிலைக்கு வர மாட்டாங்கம்மா. ரெண்டு நாளா முப்பது, நாப்பதுன்னு இழுத்திருக்காங்க. அவங்க நெஞ்சைப் பார்த்தாலே தெரியுது. முந்தாநாள் கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருப்போம். நேத்து வந்திருந்தாக்கூடப் பரவாயில்ல. இப்ப..." அவர் கையுறை போட்ட கையைத் தூக்கி இறக்கினார். "அந்தப் பொண்ணை யார்கிட்டயாவது ஒப்படைக்க ஏற்பாடு பண்ணிக்குங்க."

"இதை எண்ணினது யாரு?" என்றார் டாக்டர், காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபடி. "தப்பா எண்ணியிருக்காங்க."

கதவருகில் நின்ற மின்னல் திரும்பினாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம். ஸ்கார்ஃப் இல்லாத கழுத்து. தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்கிற நம்பிக்கையோடு நேராக அவர்களிடம் நடந்து வந்து, கேப்டனைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் சரியாத்தான் எண்ணினேன் கேப்டன். எனக்குப் பெருக்கல் வராதுன்னு, 'அரை நிமிஷம் எண்ணினதை அப்படியே எழுது, ரெண்டால நான் பெருக்கிக்கறேன்'னு மொத நாள் நீங்கதானே சொன்னீங்க?"